மூன்று பெயர்களை எழுதுவது யார்?

தேர்தலில் ஒருவர் தோற்க வேண்டுமென்றால் எதிரில் நின்ற ஒருவர் ஜெயிக்க வேண்டும். நமக்குத் தெரிந்த கணக்கு இதுதான். ஆனால் 2010 நவம்பர் 2 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மூன்று பேர் எதிராளியே இல்லாமல் தோற்றுப்போனார்கள். மூன்று பேரும் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்ற நீதிபதிகள். ஒருவர் தலைமை நீதிபதி மார்ஷா டெர்னஸ். மற்ற இருவர் மைக்கேல் ஸ்ட்ரெய்ட், டேவிட் பேக்கர். வாக்குச்சீட்டில் இவர்கள் பெயருக்கு நேரே ஒரே ஒரு கேள்வி: இவர் பதவியில் நீடிக்கலாமா? ஆம், இல்லை என்று இரண்டே பதில். பாதிக்கு மேற்பட்டவர்கள் 'இல்லை' என்றார்கள். 1962-ல் இந்த முறை வந்த பிறகு அயோவா உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரை மக்கள் இப்படி வீட்டுக்கு அனுப்பியது அதுதான் முதல் முறை.

இந்தச் சம்பவத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நீதிபதியை ஓட்டுப் போட்டு நீக்கலாமா கூடாதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நான் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றிப் பேசப் போகிறேன். நாற்காலி காலியானதும் அதில் உட்காரப் போகிறவரைத் தேர்ந்தெடுப்பது யார்? எனக்கு என்னமோ நீக்கும் அதிகாரத்தைவிட நிரப்பும் அதிகாரம்தான் பெரியது என்று தோன்றுகிறது. அந்த அதிகாரம் கை மாறும்போது பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. அயோவாவில் அப்படித்தான் மாறியது.

முதலில் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் குழப்பம் வரும். ஒன்று, 'மாநில உச்ச நீதிமன்றம்' என்பது நம் உயர் நீதிமன்றம் போன்றதல்ல. இங்கே உயர் நீதிமன்றத் தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் டெல்லிக்குப் போகலாம். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசியலமைப்புச் சட்டம் உண்டு. அந்தச் சட்டத்துக்கு என்ன பொருள் என்பதில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொல்வதுதான் கடைசி வார்த்தை. வாஷிங்டனில் இருக்கும் ஒன்பது பேர்கூட அதில் தலையிட முடியாது. இரண்டாவது, அங்கே ஆளுநர் என்பவர் நம்ம ஊர் ஆளுநர் மாதிரி அல்ல. மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். அதிகாரத்தில் நம் முதலமைச்சரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

அயோவா உச்ச நீதிமன்றத்தில் மொத்தம் ஏழு நீதிபதிகள். 72 வயதானால் ஓய்வு பெற்றே ஆக வேண்டும். "இவர்களை நியமிப்பது யார்?" என்று பரீட்சையில் ஒரு மார்க் கேள்வி வந்தால் 'ஆளுநர்' என்று எழுதி ஒரு மார்க் வாங்கிவிடலாம். ஆனால் அது பாதி பதில்தான். ஆளுநர் தன் இஷ்டத்துக்கு யாரையும் நியமிக்க முடியாது. காலியிடம் வந்தால் ஒரு பரிந்துரைக் குழு விண்ணப்பங்களை வாங்கி, நேர்காணல் நடத்தி, மூன்று பெயர்களை அனுப்பும். அந்த மூன்றில் ஒன்றை ஆளுநர் 30 நாளுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் இழுத்தடித்தால், அதே மூவரில் ஒருவரைத் தலைமை நீதிபதி நியமித்துவிடுவார். நியமனம் ஆனவர் குறைந்தது ஒரு வருடம் வேலை பார்த்த பிறகு, அடுத்து வரும் தேர்தலில் மக்கள் முன்னால் 'நீடிக்கலாமா' கேள்விக்குப் போவார். ஜெயித்தால் எட்டு வருடம்.

இந்த யோசனை அயோவாவில் பிறந்ததல்ல. 1940-ல் மிசௌரி மாநிலம் முதலில் கொண்டுவந்தது. அங்கே கான்சாஸ் சிட்டியில் டாம் பெண்டர்காஸ்ட் என்ற கட்சிப் பெரும்புள்ளி நீதிபதி பதவி உட்பட எல்லாவற்றுக்கும் ஆள் நிறுத்திக்கொண்டிருந்தார். கட்சிச் சின்னத்தில் நின்று ஜெயிக்கும் நீதிபதி, நிறுத்தியவருக்குக் கடன்பட்டவராகத்தானே இருப்பார்? அதில் வெறுத்துப்போன மக்கள்தான் நடுவில் ஒரு குழுவை வைத்தார்கள். 'மிசௌரி திட்டம்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. அதுவரை நீதிபதிகளைத் தேர்தலில் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்த அயோவாவும் 1962-ல் அரசியலமைப்பைத் திருத்தி இந்த வழிக்கு வந்தது.

ஆக, முழு வித்தையும் அந்தக் குழுவில்தான் இருக்கிறது. ஆளுநருக்கு எந்த மூன்று பெயர்கள் போகின்றன என்பதுதான் கேள்வி. மூன்று பேரும் ஆளுநருக்குப் பிடித்தவர்கள் என்றால் குழு இருந்தும் இல்லாத மாதிரி. மூன்று பேரும் ஆளுநருக்குப் பிடிக்காதவர்கள் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநர் வெறும் ரப்பர் ஸ்டாம்ப். இரண்டும் இல்லாமல் நடுவில் நிற்க வேண்டும்.

அயோவாவின் பழைய குழு அதற்காகவே கட்டப்பட்டது. 17 பேர். ஆளுநர் நியமிப்பவர்கள் எட்டு. மாநிலத்தின் வழக்கறிஞர்கள் தங்களுக்குள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர்கள் எட்டு. தலைவராக, தலைமை நீதிபதிக்கு அடுத்து மூத்த உச்ச நீதிமன்ற நீதிபதி. எட்டுக்கு எட்டு. எந்தத் தரப்பும் தனியாக ஒரு பட்டியலை நிறைவேற்ற முடியாது. என் ஆள் ஒருவர் வேண்டுமென்றால் உன் ஆள் ஒருவரை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். அல்லது இரண்டு பேருக்கும் 'பரவாயில்லை' என்று தோன்றும் ஒருவரைத் தேட வேண்டும்.

இப்போது மறுபடி 2010-க்கு வருவோம்.

மூவரும் ஏன் தோற்றார்கள்? 2009 ஏப்ரல் 3 அன்று வார்னம் எதிர் பிரையன் வழக்கில் அயோவா உச்ச நீதிமன்றம் ஒருபாலினத் திருமணத்தைத் தடைசெய்த மாநிலச் சட்டம் செல்லாது என்றது. காரணம், மாநில அரசியலமைப்பின் சமத்துவ உறுதிமொழி. ஏழு பேரும் ஒருமனதாக. தீர்ப்பை எழுதியவர் மார்க் கேடி. அவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தவர் குடியரசுக் கட்சி ஆளுநர் டெர்ரி பிரான்ஸ்டட். டெர்னஸை நியமித்தவரும் அவரே. ஆகவே 'ஜனநாயகக் கட்சி நீதிபதிகள் செய்த வேலை' என்று சொல்ல வழியில்லை. அடுத்த வருடம் முறைப்படி வாக்கெடுப்புக்கு வர வேண்டிய மூன்று பேருக்கு எதிராகப் பெரிய பிரச்சாரம் நடந்தது. வெளி மாநில அமைப்புகளின் பணம் வந்து கொட்டியது. மூவரும் பதிலுக்கு நிதி திரட்டவில்லை, பிரச்சாரக் குழு வைக்கவில்லை. நீதிபதி ஓட்டுக் கேட்டுப் போனால் நீதிமன்றத்துக்கு மரியாதை இல்லை என்று நினைத்தார்கள். தோற்றார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, நீக்கியவர்களுக்கு என்ன கிடைத்தது என்பது. தீர்ப்பு மாறியதா? இல்லை. வார்னம் அப்படியே நின்றது. 2015-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே நாடு முழுக்க அதையே சொல்லிவிட்டது. மீதி நான்கு நீதிபதிகள் போனார்களா? இல்லை. 2012-ல் டேவிட் விக்கின்ஸ், 2016-ல் கேடி, ஹெக்ட், அப்பெல் என எல்லோரும் வாக்கெடுப்பில் ஜெயித்தார்கள். கோபம் ஆறிவிட்டது. 'இல்லை' என்று வாக்களித்தவர்கள் அந்த மூன்று நாற்காலிகளில் யார் உட்கார வேண்டும் என்று சொன்னார்களா? சொல்ல முடியாது. வாக்குச்சீட்டில் அதற்கு இடமே கிடையாது. நாற்காலியைக் காலி செய்வதோடு அவர்கள் வேலை முடிந்தது.

நிரப்பியது வழக்கமான வழியில். சமநிலையில் இருந்த பழைய குழு மூன்று இடங்களுக்கு ஒன்பது பெயர்களைக் கொடுத்தது. 2011-ல் மறுபடி ஆளுநராகியிருந்த பிரான்ஸ்டட் எட்வர்ட் மான்ஸ்ஃபீல்ட், தாமஸ் வாட்டர்மேன், புரூஸ் சேகர் ஆகிய மூவரை நியமித்தார். (அதோடு நீதிமன்றத்தில் ஒரு பெண்கூட இல்லாமல் போனது. அடுத்த பெண் நீதிபதி வர 2018 ஆனது. இது ஒரு குறைதான். பழைய முறை தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை.)

இனிமேல்தான் முக்கியமான கட்டம்.

2018 ஜூனில் நீதிமன்றம் இன்னொரு பெரிய தீர்ப்பைச் சொன்னது. கருக்கலைப்புக்கு முன் 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்ற சட்டம் மாநில அரசியலமைப்புக்கு எதிரானது என்று 5-2 என்ற கணக்கில் ரத்து செய்தது. மறுத்த இருவர் மான்ஸ்ஃபீல்டும் வாட்டர்மேனும். கருக்கலைப்பு சரியா தவறா என்பது இந்தப் பதிவின் விஷயம் இல்லை. அதில் உங்கள் கருத்து எதுவாக இருந்தாலும் கீழே சொல்லப்போவது உங்களுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

தீர்ப்பு பிடிக்காதவர்கள் இந்த முறை 2010 போல வாக்காளர்களிடம் போகவில்லை. அவர்கள் பாடம் கற்றுக்கொண்டுவிட்டார்கள். நேராகக் குழுவிடம் போனார்கள். 2019-ல் சட்டமன்றத்தின் இரு அவைகளும் குடியரசுக் கட்சியிடம், ஆளுநர் கிம் ரெனால்ட்ஸும் அதே கட்சி. முதலில் வந்த யோசனை, வழக்கறிஞர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முறையையே எடுத்துவிடுவது. எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் கூட்டத்தொடரின் இறுதி நாளில் ஒரு பட்ஜெட் மசோதாவோடு சேர்த்து ஒரு சின்னத் திருத்தத்தை நிறைவேற்றினார்கள். குழுவில் இருந்த மூத்த நீதிபதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆளுநர் இன்னொருவரை நியமிப்பார். அவ்வளவுதான்.

பார்த்தால் ஒரே ஒரு நாற்காலி. எட்டுக்கு எட்டு, நடுவில் ஒரு நீதிபதி என்று இருந்தது ஒன்பதுக்கு எட்டு என்று ஆனது. மொத்தம் அதே 17. ஆனால் இனி ஆளுநரின் ஒன்பது பேர் ஒத்துப்போனால் போதும், மற்ற எட்டு பேரைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பேரம் பேசக் காரணம் போய்விட்டது. ஆளுநர் நியமித்தவர்கள் எழுதிய பட்டியலிலிருந்து ஆளுநர் தேர்ந்தெடுக்கிறார்! மூன்று பெயர், 30 நாள், நேர்காணல் எல்லாம் பழையபடியே இருக்கிறது. உள்ளே இருந்த சரக்கு மட்டும் மாறிவிட்டது.

இது எப்படிச் சாதாரணச் சட்டத்தால் முடிந்தது என்று கேட்கலாம். குழுவைப் பற்றி அரசியலமைப்பில்தானே எழுதியிருக்கிறது? எழுதியிருக்கிறது. ஆளுநர் தரப்பும் வழக்கறிஞர் தரப்பும் சம எண்ணிக்கை, தலைவர் மூத்த நீதிபதி என்றே எழுதியிருக்கிறது. ஆனால் 1962-ல் திருத்தம் எழுதியவர்கள் கூடவே ஒரு வாசகத்தையும் போட்டுவைத்தார்கள். இந்த அமைப்பு 1973 ஜூலை 4 வரை கட்டாயம். அதற்குப் பிறகு, சட்டமன்றம் வேறு விதமாகச் சட்டம் இயற்றாதவரை தொடரும் என்று. அந்தக் கதவு 1973 முதல் 2019 வரை 46 வருடம் பூட்டாமல் கிடந்தது. இத்தனை வருடம் எந்தக் கட்சி ஆண்டாலும் சமநிலையை யாரும் கலைக்கவில்லை. பூட்டு இல்லாத கதவு மரியாதையால் மட்டுமே மூடியிருந்தது. மரியாதை போனதும் திறந்துகொண்டது.

பிறகு என்ன ஆனது என்று தேதிவாரியாகப் பாருங்கள். சட்டம் வந்த அதே 2019 நவம்பரில் தலைமை நீதிபதி கேடி மாரடைப்பில் திடீரென்று காலமானார். வயது 66. அந்த இடத்துக்கு 2020-ல் டேனா ஆக்ஸ்லி வந்தார். அதே வருடம் ஓய்வு பெற்ற விக்கின்ஸ் இடத்துக்கு மேத்யூ மெக்டெர்மட். 2022-ல் அப்பெலுக்கு 72 வயதானது, அவர் இடத்துக்கு டேவிட் மே. மூவரும் புதிய குழுவின் பட்டியலில் இருந்து வந்தவர்கள். அப்பெல் போனதோடு வார்னம் தீர்ப்பு சொன்ன ஏழு பேரில் ஒருவர்கூட நீதிமன்றத்தில் இல்லை. மக்கள் வாக்களித்து நீக்கியது மூன்று பேரைத்தான். மற்றவர்களை வயதும் நோயும் சாவும் அப்புறப்படுத்தின. எப்போதும் அப்படித்தான். காலியிடம் வந்தே தீரும். அதனால்தான் பட்டியல் எழுதும் பேனா யார் கையில் என்பது இவ்வளவு முக்கியம்.

2022 ஜூன் 17 அன்று நீதிமன்றம் தன்னுடைய 2018 தீர்ப்பைத் தானே தூக்கிப்போட்டது. இடையில் நான்கே வருடம். அரசியலமைப்பில் ஒரு எழுத்து மாறவில்லை, நீதிபதிகள் மாறியிருந்தார்கள். ரெனால்ட்ஸே நியமித்த தலைமை நீதிபதி சூசன் கிறிஸ்டென்சன் இதில் பெரும்பான்மையோடு சேர மறுத்தார். ஆட்கள் மாறிய வேகத்தில் முன்தீர்ப்பையும் மாற்றினால் நீதிமன்றத்தின் மீதான நம்பிக்கை என்ன ஆகும் என்பதே அவர் கவலை.

அப்புறம் 2024 ஜூன் 28. கரு சுமார் ஆறு வாரம் ஆன பிறகு பெரும்பாலான கருக்கலைப்புகளைத் தடைசெய்யும் சட்டம் அமலுக்கு வரலாம் என்று 4-3 என்ற கணக்கில் தீர்ப்பு. இந்த ஏழு பேரையும் நியமித்தவர்கள் குடியரசுக் கட்சி ஆளுநர்கள். அப்படியிருந்தும் 4-3! எதிர்த்த மூவர் யார் தெரியுமா? கிறிஸ்டென்சன், மான்ஸ்ஃபீல்ட், வாட்டர்மேன். மூவருமே சமநிலையில் இருந்த பழைய குழுவின் பட்டியலில் இருந்து வந்தவர்கள். அதிலும் மான்ஸ்ஃபீல்டும் வாட்டர்மேனும் 2018-ல் அந்தப் பக்கமும், 2022-ல் பழைய தீர்ப்பை மாற்றியவர்கள் பக்கமும் நின்றவர்கள். 2024-ல் 'இது எல்லை மீறுகிறது' என்று மறுபக்கம் வந்தார்கள். புதிய குழுவின் பட்டியலில் வந்த ஆக்ஸ்லி, மெக்டெர்மட், மே மூவரும் பெரும்பான்மையில். நான்காவது ஓட்டு கிறிஸ்டஃபர் மெக்டொனால்ட். அவர் சட்டம் மாறுவதற்குச் சற்று முன் பழைய குழு வழியாக வந்தவர்.

இதை நான் நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஏழு பேரை வைத்துப் புள்ளிவிவரம் போட முடியாது. மெக்டொனால்ட் என் கணக்கில் ஒட்டாமல் நிற்கிறார். புதிய குழு வழியாக வந்த மூவரும் திறமையற்றவர்கள் என்றும் சொல்லவில்லை, அது உண்மையும் இல்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: ஒரே கட்சி ஆளுநர்கள் நியமித்த ஏழு பேருக்குள் இப்படி ஒரு கோடு விழுகிறது என்றால், நியமித்தவர் யார் என்பதைவிடப் பட்டியல் போட்டவர் யார் என்பதைக் கேட்க நியாயம் இருக்கிறது. எட்டுக்கு எட்டு பட்டியலில் இடம்பிடிக்க வேண்டுமென்றால் எதிர்த்தரப்பும் தாங்கிக்கொள்ளும் ஆளாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் ஒரு பக்கம் சாய்ந்தாலும் முழுதாக விழ மாட்டார். ஒன்பதுக்கு எட்டு பட்டியலுக்கு அந்த நிபந்தனை தேவையில்லை.

நிற்க. மறுதரப்பு சொல்வதையும் பார்க்க வேண்டும். அவர்கள் சொல்வதில் விஷயமே இல்லை என்று நான் நினைக்கவில்லை.

முதல் வாதம்: வழக்கறிஞர்களுக்கு எதற்கு எட்டு இடம்? அவர்களை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. விவசாயிக்கும் ஆசிரியருக்கும் கிடைக்காத ஓட்டு, ஒரு தொழில் சங்கத்துக்கு ஏன்? மக்கள் தேர்ந்தெடுத்த ஆளுநருக்குக் கூடுதலாக ஒரு இடம் கொடுப்பதுதானே ஜனநாயகம்? நல்ல கேள்வி. என் பதில், வழக்கறிஞர்கள் உத்தமர்கள் என்பதல்ல (சட்டக் கல்லூரி நண்பர்கள் மன்னிக்கவும் :-)). அவர்கள் ஆளுநரால் நியமிக்கப்படாதவர்கள் என்பதுதான் அவர்களுடைய தகுதி. எட்டு பேரை வேறு வழியில் கொண்டுவர முடியுமென்றால் தாராளமாகச் செய்யுங்கள். குலுக்கல் போட்டு எட்டு குடிமக்களை எடுத்தாலும் சரி. ஆனால் ஆளுநருக்கு ஏற்கெனவே இரண்டு இடத்தில் பங்கு இருக்கிறது, பாதிக் குழு அவருடையது, கடைசித் தேர்வும் அவருடையது. மூன்றாவதாகப் பெரும்பான்மையும் கொடுத்தால் மிச்சம் என்ன? அவரே நேராக நியமித்துவிடலாமே, 17 பேருக்கு எதற்குக் காபிச் செலவு?

இரண்டாவது வாதம்: இவ்வளவு சிக்கல் எதற்கு, நேரடியாகத் தேர்தல் வைத்துவிடலாமே? அதையும் சில மாநிலங்களில் செய்துதான் பார்க்கிறார்கள். மேற்கு வர்ஜீனியாவில் மாஸி என்ற நிலக்கரி நிறுவனத்துக்கு எதிராக 5 கோடி டாலர் நஷ்ட ஈடு தீர்ப்பாகியிருந்தது. மேல்முறையீடு வரவிருந்த நேரத்தில், 2004 நீதிபதி தேர்தலில் அந்த நிறுவனத் தலைவர் டான் பிளாங்கன்ஷிப் சுமார் 30 லட்சம் டாலர் செலவழித்தார். அவர் ஆதரித்த பிரெண்ட் பெஞ்சமின் ஜெயித்தார். பிறகு வழக்கு வந்தபோது பெஞ்சமின் விலக மறுத்து உட்கார்ந்தார். 3-2 என்று நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு. 2009-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையிட்டு, அவர் விலகியிருக்க வேண்டும் என்றது. அதுவும் 5-4 என்ற நூலிழையில். 2025 ஏப்ரலில் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றத்தில் ஒரே ஒரு இடத்துக்கு நடந்த தேர்தலில் இரு தரப்பும் சேர்ந்து செலவழித்தது 10 கோடி டாலர் அளவுக்குப் போனது. எலான் மஸ்க் ஒரு பக்கம் பணத்தை இறைத்தார், அவர் ஆதரித்த பிராட் ஷிமெல் தோற்றார், சூசன் கிராஃபர்ட் ஜெயித்தார். 'பணம் தோற்றது' என்று சிலர் கொண்டாடினார்கள். எதிர்ப்பக்கத்திலும் கோடிக்கணக்கில் பணம் இருந்ததை வசதியாக மறந்துவிட்டார்கள். உங்கள் வழக்கை விசாரிக்கும் நீதிபதி, உங்கள் எதிராளியின் பணத்தில் ஜெயித்தவர் என்றால் உங்களுக்குத் தூக்கம் வருமா?

மூன்றாவது வாதம் கொஞ்சம் கூர்மையானது: குழு எப்படி இருந்தால் என்ன, மக்களிடம் கடைசியில் நீக்கும் ஓட்டு இருக்கிறதே, மோசமான ஆள் வந்தால் நீக்கிவிடலாமே? இதற்கு 2010-ஐயே பதிலாகச் சொல்வேன். மூன்று பேரை நீக்கி மக்கள் ஒரு தீர்ப்பைக்கூட மாற்றவில்லை. 2019-ல் ஒரே ஒரு குழு நாற்காலியை மாற்றியவர்கள் அடுத்த மூன்று காலியிடங்களின் பட்டியலையும் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். எது நிஜமான அதிகாரம் என்று நீங்களே சொல்லுங்கள்.

என்ன செய்யலாம்? என்னைப் பொறுத்தவரை தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றல்ல. பழைய சமநிலையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். எட்டுக்கு எட்டு, நடுவில் இரண்டு பக்கமும் நியமிக்காத ஒருவர். அதோடு 1962-ல் செய்த தவறைத் திருத்த வேண்டும். 'சட்டமன்றம் வேறு விதமாகச் சொல்லாதவரை' என்ற அந்த வாசகத்தை எடுத்துவிட வேண்டும். அயோவாவில் அரசியலமைப்பைத் திருத்த, தேர்தலுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு சட்டமன்றங்கள் அடுத்தடுத்து நிறைவேற்ற வேண்டும், பிறகு மக்கள் வாக்களித்து ஒத்துக்கொள்ள வேண்டும். நீதிபதி நீடிக்கலாமா என்று மக்களைக் கேட்கிறார்கள். அந்த நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும் விதியை மாற்றலாமா என்பதை மட்டும் ஏன் கேட்கக் கூடாது? பட்ஜெட் மசோதாவின் வாலில் கட்டி அனுப்புகிற விஷயமா இது?

ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். இதை ஒரு கட்சிக்கு எதிரான பதிவாகப் படிக்க வேண்டாம். பூட்டு இல்லாத கதவு யாருக்கும் திறக்கும். அயோவாவில் நாளைக்கு வேறு கட்சி ஆளுநர் வந்து போதுமான வருடம் இருந்தால், அந்த ஒன்பது இடங்களும் ஒவ்வொன்றாக அவருடையதாகும். அப்போது இன்றைக்குக் கைதட்டியவர்கள் கூச்சல் போடுவார்கள், இன்றைக்குக் கூச்சல் போட்டவர்கள் வாய்மூடி இருப்பார்கள். விதி நியாயமானதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த எளிய சோதனை இதுதான்: எனக்குப் பிடிக்காதவர் கையில் இதே விதி இருந்தால் நான் நிம்மதியாக இருப்பேனா? எட்டுக்கு எட்டு அந்தச் சோதனையில் தேறும். ஒன்பதுக்கு எட்டு தேறாது.

ஆகவே அடுத்த முறை எங்காவது ஒரு உச்ச நீதிமன்ற நாற்காலி காலியாகிறது என்ற செய்தியைப் படித்தால், 'யார் வருவார்' என்று மட்டும் தேடாதீர்கள். பட்டியல் எழுதுவது யார், அவர்களை நியமித்தது யார், அந்த விதி கடைசியாக எப்போது மாறியது என்று பாருங்கள். 'ஆளுநர்' என்று எழுதினால் பரீட்சையில் ஒரு மார்க் கிடைக்கும். அயோவாவில் ஏழு வருடமாக என்ன நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்ள அந்த ஒரு மார்க் போதாது.